பச்சோந்திக்குப் பசிக்கவில்லை

போன கிழமை வந்த பகுதியில் பேரின்பநாயகம் தன் மகன் விதுரனைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக அவர்மேல் கோபித்துக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நமக்கும் கோபம்தான். பல்கலைக்கழகப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வந்து நிற்கிற பெடியனிடம் "உனக்குச் சோறு போட்டது வீண்" என்று எந்தத் தகப்பன் சொல்லுவார்? இவர் சொல்லிவிட்டார். விதுரனும் கையில் கிடைத்த உடுப்பை ஒரு பைக்குள் அடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். இத்தாலியின் வடக்கே பொலோனியாவில் ஒரு பொதிக் கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது என்று இரண்டொரு நாளில் தாய்க்கு மட்டும் போன் எடுத்துச் சொன்னான்.

தெற்கே, பலெர்மோ நகரில் சீசாப் பகுதியில் இருக்கும் அந்த மூன்றாம் மாடி வீட்டில் அவன் விட்டுவிட்டுப் போனது ஒன்றைத்தான். பல்கனிக் கதவோரம் வலைக்கூட்டுக்குள், ஒரு சுண்டுவிரல் அளவு உடம்போடு கொப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பச்சோந்திக் குஞ்சு. பெயர் மிம்மோ. பெயர் வைத்தது தங்கை கேசிகா. சந்தையில் மீன் விற்கிற கிழவர்களுக்கு வைக்கிற பெயரைப் போய் இதற்கு வைத்திருக்கிறாளே என்று தாய் இந்திராதேவி அப்போது சிரித்தாள். கிட்டப் போகமாட்டாள். கண்டாலே உடம்பு கூசும் என்பாள்.

அவன் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. இப்போது அந்த இந்திராதேவிதான் விடிந்ததும் முதல் வேலையாகக் கூட்டுக்குமுன் போய் நிற்கிறாள். காரணம் இருக்கிறது. விதுரன் பின்னேரமானால் போன் எடுப்பான். எடுத்து, "மிம்மோ என்ன செய்யுது? எத்தினை திண்டது?" என்று கேட்பான். தாயின் சுகத்தைக் கேட்கமாட்டான். தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கமாட்டான். மிம்மோவைப் பற்றிக் கேட்டு முடிந்ததும் "சரி அம்மா, வைக்கிறன்" என்பான். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காகத்தான் அவள் நாள் முழுக்கக் காத்திருக்கிறாள். மிம்மோ இருக்கும்வரைதான் போன் வரும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மிம்மோவோ சாப்பாட்டை விட்டுக் கனநாளாகிவிட்டது. முதலில் குறைத்தது. பிறகு நாளுக்கொன்று என்று வந்தது. இப்போது அதுவும் இல்லை. இந்திராதேவி மட்டும் போனில் "நல்லாத் திண்டது தம்பி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளைக்குப் பொய் சொல்லுகிறோமே என்று ஒவ்வொரு நாளும் நெஞ்சு குறுகுறுக்கும். அடுத்த நாளும் அதையேதான் சொல்லுவாள்.

இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் இந்திராதேவி முட்டைகூடத் தொடாத மனுசி. ஆனால் மிம்மோ மரக்கறி தின்னாதே! அதற்கு உயிரோடு துள்ளுகிற சில்வண்டு வேண்டும். இந்தச் சிக்கலுக்கு அவள் தனக்குத்தானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். தலை முழுகுவதற்கு முன், சாமித் தட்டில் விளக்கு வைப்பதற்கு முன் தீனி கொடுத்து முடித்துவிட்டால் அது வியாழக்கிழமைக் கணக்கில் போய்விடும். கடவுள் இதையெல்லாம் நோண்டிப் பார்க்கமாட்டார் என்பது அவளுடைய நம்பிக்கை.

கடையில் வாங்கிய பெட்டிக்குள்ளிருந்து ஒரு சில்வண்டைச் சாவணத்தால் பிடித்தாள். விதுரன் சொல்லிக்கொடுத்தபடி, தயிர்ப் பெட்டியில் இருந்த வெள்ளைப் பவுடரில் அதைப் பிரட்டி எடுத்தாள். கூட்டுக் கதவைத் திறந்து மிம்மோவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஒரு வாய், அப்பன். ஒண்டே ஒண்டு. பேந்து அம்மா உன்னைக் கரைச்சல்படுத்த மாட்டன்."

மிம்மோ ஒரு கண்ணைச் சுழற்றி அவளைப் பார்த்தது. மற்றக் கண் தன்பாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை நிறம் மெல்ல மங்கி, சாயம்போன துணி மாதிரி ஒரு மண்ணிறம் உடம்பெல்லாம் ஏறியது.

"கேசிகா சின்னனிலை உன்னைவிட மோசம். அவளையே தீத்திச் சாப்பிடப் பண்ணினனான். ஆவெண்டு சொல்லு பாப்பம்."

அது ஆவென்று சொல்லவில்லை. ஆனால் வாய் திறந்தது. இந்திராதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு வெளியே வந்தது. வந்த நாக்கு சில்வண்டுவரை போகாமல் பாதி வழியில் தொய்ந்து, தொங்கி, பிறகு சிரமப்பட்டு உள்ளே போனது. பிறகு மிம்மோ இரண்டு கண்களையும் மூடிக்கொண்டது.

பேரின்பநாயகம் அப்போதுதான் அறையை விட்டு வெளியே வந்தார். பீட்சாக் கடையொன்றின் குசினியில் வேலை அவருக்கு. மத்தியானம் வரை ஒரு தரம், பின்னேரத்துக்கு மேல் ஒரு தரம் என்று இரண்டு தடவை போய் வர வேண்டும்.

"என்னப்பா, விடியமுதலே உதோடை மல்லுக்கட்டுறீர்?"

"மெல்லக் கதையுங்கோ. அது பயப்பிடுது."

"நான் எப்ப கத்தினனான்?"

அவள் கூட்டுக் கதவைச் சாத்தினாள். எப்போது கத்தினார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் அதன் கயிற்றோடு விளையாடினார்.

"நேற்று எடுத்தவனோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"மிம்மோவைக் கேட்டவன்."

"அதைத்தானே கேப்பான்," என்றார். வேறு ஏதும் கேட்டானா என்று கேட்க வந்த வாய், சப்பாத்துக்குள் காலை விட்டதும் வேறு பக்கம் திரும்பியது. "இதென்ன, உள்ளுக்குள்ளை ஒரே மாவாக் கிடக்கு?"

"உங்கடை கால் மணக்கிற மணத்துக்குப் போட்டனான். விதுரன் பந்தடிக்கிற சப்பாத்துக்குப் போடுற பவுடர். ஒரு பெட்டி நிறையக் கிடக்கு, வீணாய்ப் போகாமல்."

"மணம் போனமாதிரித்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

இந்திராதேவி வீட்டு வேலைக்குப் போகிற இடத்து எசமானியம்மா, அவள் வாயில் சிஞ்ஞோரா, எழுபது கடந்த, நல்ல மனமும் நீளமான நாக்கும் உள்ள மனுசி. இந்திராதேவி தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நடு அறையில் அப்படியே நிற்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். சின்னவன் சாப்பிடுகிறானில்லை என்று இந்திராதேவி தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சிஞ்ஞோரா பதறிப்போய் குசினிக்குள் ஓடி, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பொடி மக்கறோணியில் ஒரு சூப் வைக்கத் தொடங்கிவிட்டார். காய்ச்சல் இருக்கிறதா, பல்லு முளைக்கிறதா, இவ்வளவு நாளும் பிள்ளை பிறந்ததை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ஒரே கேள்வி. பிள்ளை இல்லை, பச்சோந்தி என்பதை விளங்கப்படுத்தி முடிக்கும்போது சூப் கொதித்துவிட்டது. சிஞ்ஞோரா சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். ஆனாலும் மனம் கேட்காமல் தன் பூனையைக் காட்டுகிற மிருக வைத்தியரம்மாவுக்குப் போன் எடுத்தார். பின்னேரம் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குக் கொடுக்கிறதெல்லாவற்றையும் கையோடு கொண்டுவரவும் சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த கேசிகாவையும் கூட்டிக்கொண்டு இந்திராதேவி ஒரேத்தோப் பக்கம் போகிற பஸ் ஏறினாள். காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் மிம்மோ. பெட்டியைச் சுற்றித் தன் சால்வை. பஸ் ஆடுகிறபோதெல்லாம் அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா, உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு அந்த ஆள் பாக்குது," என்றாள் கேசிகா. பன்னிரண்டு வயதில் எல்லாமே வெட்கம்.

"பாக்கட்டும். நாங்கள் களவே எடுத்துக்கொண்டு போறம்?"

வைத்தியரம்மா இளம் பிள்ளை. கண்ணாடி போட்டவள். இத்தாலியனில் டொக்டரம்மா, தொத்தோரெஸ்ஸா என்று கூப்பிட இந்திராதேவிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வைத்தியரம்மா மிம்மோவை உள்ளங்கையில் ஏற்றினாள். மிம்மோ எதிர்க்கவில்லை, நிறம்கூட மாற்றவில்லை. அவள் அதன் தாடையை இரண்டு விரலால் மெல்லத் தொட்டு அழுத்தினாள். எலும்பு இருக்க வேண்டிய இடம் வளைந்து கொடுத்தது. முன்னங்கால்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள்.

"அம்மா, இதுக்குக் கல்சியோ குடுக்கிறனீங்களோ எண்டு கேக்கிறா."

"பந்தோ? இதுக்கு என்னத்துக்குப் பந்து?"

கேசிகா தாயை ஒரு பார்வை பார்த்தாள். இந்திராதேவியைக் குறை சொல்ல முடியாது. இத்தாலிக்கு வந்த நாளிலிருந்து கல்சியோ என்றால் அவளுக்குக் காற்பந்துதான். புருசன் ஞாயிறுகளில் ரீவியில் பார்ப்பது கல்சியோ, மகன் சேறு பூசிக்கொண்டு வருவது கல்சியோ.

"மம்மா மியா! பந்தில்லை அம்மா. கல்சியம், கல்சியம்! எலும்புக்கு. உங்களுக்கும் டொக்டர் குளிசை தந்தவரெல்லோ. அதுக்கும் இதுக்கும் இத்தாலியனிலை ஒரே சொல்தான்."

இந்திராதேவியின் கை சால்வையில் நின்றுவிட்டது.

ஃபிரிட்ஜுக்கு மேல் இரண்டு தயிர்ப் பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் வெள்ளைப் பவுடர். "அம்மா, ஃபிரிட்ஜுக்கு மேலை தயிர்ப் பெட்டியிலை இருக்கு. அதிலை பிரட்டிப் போடுங்கோ" என்று விதுரன் முன்பு போனில் சொல்லியிருந்தான். ஒன்றின் மூடியில் அவன் கையெழுத்தில் பெரிதாகக் கல்சியோ என்று எழுதியிருந்தது. இது பந்தடிச் சப்பாத்துக்குப் போடுகிறது என்று அவள் அதை எடுத்து ஒதுக்கி வைத்தாள். எழுதாத பெட்டியைத்தான் மிம்மோவினுடையது என்று எடுத்தாள். அப்படியானால் எழுதாத பெட்டியில் இருப்பது என்ன?

கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பெட்டியின் மூடியைத் தொத்தோரெஸ்ஸா திறந்தாள். மருந்து நெடியைத் தவிர வேறு வாசனை இல்லாத அந்த அறையில், திறந்த மாத்திரத்தில் சந்தனம் கலந்த மணம் எழும்பியது. சாம்பிராணியும் ஊதுவத்தியும் மணக்கிற வீட்டில் ஒரு தயிர்ப் பெட்டி தனியாக மணந்து காட்டுமா? இங்கே காட்டிவிட்டது.

"அம்மா," என்றாள் கேசிகா மெல்ல. "உது திருநீறெல்லோ?"

ஊருக்குப் போய் வந்த சிநேகிதர் மகேந்திரராசா நல்லூர்க் கோயிலிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தது நினைவுக்கு வந்தது. பொட்டலம் கிழிந்துபோக, பேரின்பநாயகம் அதை எதிலோ கொட்டி வைத்தாரே! எதில் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

என்ன இது என்று தொத்தோரெஸ்ஸா கேட்டாள். கேசிகா சாம்பல் என்றாள். வைத்தியரம்மாவின் முகம் ஒருமாதிரிப் போனது. மூடியை மெதுவாக மூடிவிட்டு, தணிந்த குரலில் யாருடைய சாம்பல் என்று கேட்டாள்.

"ஒருத்தற்றையும் இல்லை எண்டு சொல்லு," என்றாள் இந்திராதேவி அவசரமாக. "மாட்டுச் சாணத்திலை செய்யிறதெண்டு சொல்லு."

கேசிகா அதையும் சொன்னாள். அதற்குப் பிறகு தொத்தோரெஸ்ஸா அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேறொரு நாளாயிருந்தால் இந்திராதேவியே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விசயம் இதுதான். வளருகிற குஞ்சு. எலும்புக்கு வேண்டியது போகவில்லை. தாடை இளகிவிட்டது, நாக்கை வீசப் பலமில்லை. அதற்குப் பசி இல்லாமல் இல்லை, பிடித்துத் தின்ன முடியவில்லை. தொத்தோரெஸ்ஸா ஒரு சின்னப் போத்தலும் துளி விடுகிற குழாயும் தந்தாள். உதட்டோரம் ஒரு துளி விட வேண்டும், வாயைப் பிரித்து ஊற்றக் கூடாது. அதன் விளக்கு பகல் முழுக்க எரிய வேண்டும். இலைகளில் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

"பிழைக்குமோ எண்டு கேள் பிள்ளை."

கேசிகா கேட்டாள். பதில் நீளமாக வந்தது. அதில் ஆம் என்ற சொல்லும் இல்லை, இல்லை என்ற சொல்லும் இல்லை.

"தெரியாதாம். பாக்க வேணுமாம். அம்மா... இன்னுமொண்டும் சொல்லுறா. முன்னுக்கு நிண்டு பாத்துக்கொண்டிருக்கக் கூடாதாம். ஆராவது பாத்தால் தன்னைத் தின்ன வந்திருக்கினம் எண்டு நினைக்குமாம். அப்ப இன்னும் தின்னாதாம்."

பசித்த பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவள் இந்திராதேவி. இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தாள். விதுரன் கோப்பையை வழித்துச் சாப்பிடும்வரை கதிரைக்குப் பின்னால் நிற்பாள். இந்தக் குஞ்சும் அவள் நிற்க நிற்க, அவள் கெஞ்சக் கெஞ்ச, பயந்து நடுங்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறது!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். கேசிகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாராவது பார்ப்பார்களே என்ற வெட்கம் அப்போது அவளுக்கு இருக்கவில்லை.

வீட்டில் பேரின்பநாயகம் பின்னேர வேலைக்கு முன் கொஞ்சம் சாய்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் கேசிகா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் எழும்பி உட்கார்ந்தார்.

"அந்தத் திருநீற்றை எத்தினை நாளாய்த் தேடினனான்! உதுக்கே குடுத்தனீர்?"

"எதிலை கொட்டினனெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமெல்லோ."

"திருநீறெண்டு பாத்தால் தெரியாதே உமக்கு?"

"ரெண்டும் வெள்ளை."

"அப்ப மற்றதெங்கை? அந்தக் கல்சியம்?"

இந்திராதேவி வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கேசிகாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

பேரின்பநாயகம் சிரிக்கவில்லை.

"அவனுக்குச் சொல்லப்போறீரோ?"

"தெரியேல்லை."

"சொல்லாதையும் இப்ப. தேறினாப் பிறகு சொல்லுவம்."

"தேறாட்டி?"

"தேறாட்டி நான்தான் சாகடிச்சனெண்டு நினைப்பான்."

"நீங்கள் ஏன்? நானெல்லோ குடுத்தனான்."

"நீர் ஆயிரம் சொல்லும். நான் அண்டைக்குச் சொன்ன சொல்லுக்குப் பிறகு அவன் வேறை என்னத்தை நினைப்பான்?" அவர் வேலைச் சட்டையின் பொத்தானைப் பூட்டினார். "சாப்பாட்டைச் சொல்லிக் காட்டிப்போட்டன் இந்திரா. வேறை எதையும் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது."

இத்தனை நாளில் அவர் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. இந்திராதேவிக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"இண்டைக்கு எடுப்பான். நீங்கள் ஒருக்காக் கதையுங்கோவன்."

"என்ரை குரலைக் கேட்டால் வைச்சிடுவான். பேந்து உமக்கும் எடுக்காமல் விட்டிடுவான். வேண்டாம்."

வேலைக்கு நேரமாகிவிட்டது. அவர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டார். வலைக்கூட்டைத் தாண்டும்போது தலையை மறுபக்கம் திருப்பி, காலடிச் சத்தம் கேட்காமல் வெறுங்காலோடு வாசல்வரை நடந்து, படியில் போய் இருந்துதான் அதைப் போட்டுக்கொண்டார்.

இந்திராதேவி உதட்டோரம் ஒரு துளி மருந்து விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி தாடையில் வழிந்தது. ஒரு சில்வண்டைச் சரியான பவுடரில் பிரட்டி, சின்னக் கிண்ணமொன்றுக்குள் விட்டு, கொப்பில் மிம்மோவுக்கு எட்டும் இடத்தில் கட்டி வைத்தாள். வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கூட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். மரக்கறி வெட்டினாள். திரும்பிப் பார்க்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு அதுவரை தெரியாது. சில்வண்டு கிண்ணத்துக்குள் துள்ளுகிற சத்தம் கேட்டது. இன்னும் கேட்டது. அந்தச் சத்தம் நின்றுவிட வேண்டுமே என்று முருகனைக் கும்பிட்டாள். வெள்ளிக்கிழமை, விளக்கும் எரிகிறது, ஓர் உயிர் சாக வேண்டும் என்று கும்பிடுகிறோமே என்பது கும்பிட்டு முடிந்த பிறகுதான் உறைத்தது. அதற்கு என்ன செய்வது? சத்தமும் நிற்கவில்லை.

வெளிச்சம் போவதற்கு முன் போன் அடித்தது.

"அம்மா, பழைய வீடியோ ஒண்டு இருக்கு," என்றாள் கேசிகா, ஓடி வந்து. "மிம்மோ நல்லாத் திண்ணுறது. காட்டச் சொல்லிக் கேட்டால் அதை அனுப்புவம்."

இந்திராதேவி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தலையை ஆட்டி மறுத்தாள். இனியும் பொய் சொல்ல அவளால் முடியாது. போனைக் காதில் வைத்தாள்.

"அம்மா, மிம்மோ எத்தினை திண்டது?"

"தம்பி..." என்று தொடங்கினாள். "அது ஒண்டும் தின்னேல்லையடா. இண்டைக்கில்லை, கனநாளாய்த் தின்னேல்லை. நான் உனக்குப் பொய் சொன்னனான்."

அவள் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கல்சியோ, திருநீறு, தாடை, போத்தல் மருந்து, எல்லாம். நான்தான் செய்தேன், அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

"ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?" விதுரன் கேட்டான். "முதலே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமெல்லோ!"

"பயத்திலை ராசா. அது இல்லையெண்டால் நீ எடுக்கமாட்டாய். பேந்து உன்ரை குரலை நான் எங்கை கேக்கிறது?"

அவன் அழுகிறானா, மூக்கை உறிஞ்சுகிறானா என்று தெரியவில்லை.

"அதுக்காக என்னட்டைப் பொய் சொல்லுறதே? எனக்கு ஆர் பொய் சொன்னாலும் நீங்கள் சொல்லமாட்டீங்கள் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"இனிச் சொல்லமாட்டன் தம்பி. சத்தியமாச் சொல்லமாட்டன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது போனுக்குள், அவன் குரலுக்குப் பின்னால், இன்னொரு குரல் கேட்டது. ஒலிபெருக்கியில் பதிந்து வைத்த, கரகரத்த, நீட்டி இழுக்கிற ஓர் ஆணின் குரல். வெங்காயமும் தக்காளியும் பூசிய தடித்த ரொட்டியை மூன்று சில்லு வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறவனின் குரல். பலெர்மோவில் வாழ்கிற எவருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரிகிற குரல் அது. பொலோனியாவில் அதற்கு என்ன வேலை?

போனின் வாயைக் கை பொத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அமைதி.

இந்திராதேவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே பல்கனிக் கதவுவரை நடந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, தெருக் கோடியில், ரொட்டிக்காரனின் அதே குரல் அதே இழுவையோடு திரும்பி அவர்களுடைய ஒழுங்கைக்குள் வந்தது.

கேசிகாவின் கண்கள் பெரிதாயின. "அம்மா, அண்ணா இஞ்சை..." என்று அவள் தொடங்கியதும் இந்திராதேவி அவள் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

பொலோனியா தூரம், ரயிலில் ஒரு நாள் பிடிக்கும், வர முடியாமல்தான் பிள்ளை வரவில்லை என்று இத்தனை நாளும் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். ஒரு தெருவோ இரண்டு தெருவோ தள்ளி இருந்துகொண்டல்லவா வராமல் இருந்திருக்கிறான்! எங்கே படுக்கிறான், யார் சமைத்துக் கொடுக்கிறார்கள்? கேட்டால் போனை வைத்துவிடுவான். வைத்தால் பிறகு எடுக்கமாட்டான். அவளால் கேட்க முடியவில்லை.

"அம்மா? இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன் தம்பி." அவள் ஒழுங்கையின் இரு பக்கமும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கை குளிரோ?"

"ஓம் அம்மா. இஞ்சை சரியான குளிர்."

"அப்ப கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வடிவாச் சாப்பிட்டிட்டுப் படு ராசா," என்றாள் இந்திராதேவி.